படம் வந்தது, பக்கம் வரவில்லை: ஸ்கிரீன்ஷாட் சேவையோடு 14 மாதம்

முகவரியைக் கொடுத்தால் இணையப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் சேவை ஒன்றை நாங்கள் பயன்படுத்துகிறோம். அதன் வருடச் சந்தாவில் தள்ளுபடி போட்டிருக்கிறார்கள், எடுக்கலாமா என்று நண்பர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று காலைதான் அந்தச் சேவை ஒரு வாடிக்கையாளர் தளத்தின் முகப்பை, தலையும் காலும் மட்டும் வைத்து, நடுவில் வெறும் வெள்ளையாக அனுப்பியிருந்தது. அதனால் பதில் நீளமாகவும் கொஞ்சம் சூடாகவும் இருக்கும்.

சேவையின் பெயர் வேண்டாம். இந்த வகையில் பெரும்பாலானவற்றின் வயிற்றுக்குள் இருப்பது ஹெட்லெஸ் குரோம் (திரையில்லாமல் சர்வரில் ஓடும் குரோம் உலாவி)தான், ஆகவே கோளாறுகளும் ஏறக்குறைய ஒரே குடும்பம். எங்கள் பயன்பாடு இது: பராமரிப்பு ஒப்பந்தத்தில் 22 தளங்கள், தளத்துக்கு 5 பக்கங்கள், கைபேசிக்கு 390 பிக்சல், கணினிக்கு 1440 என்று இரண்டு அகலங்கள். திங்கள்தோறும் 220 படங்கள், போன வாரப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க. மாதம் 1,000 படத் திட்டம் நாலு திங்களுக்குத் தாங்கும். ஐந்து திங்கள் வருகிற மாதத்தில் 1,100 ஆகிவிடும், கூடுதல் கட்டணம் விழும். இதைக் காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போடாமல் யாரும் திட்டம் எடுக்காதீர்கள்.

இனி அந்த வெள்ளைப் படத்துக்கு வருவோம். படங்களை 'லேசி லோடிங்' முறையில் (தேவைப்படும்போது மட்டும் இறக்கும்படி) வைத்திருக்கும் பக்கத்தில், திரையை ஒட்டிய குறிப்பிட்ட தூரத்துக்குள் இருப்பதைத்தான் குரோம் முன்கூட்டி இறக்கும். வேகமான இணைப்பில் அது 1,250 பிக்சல், மெதுவானதில் 2,500. அதற்கும் கீழே உள்ளவை யாராவது உருட்டினால்தான் வரும், சர்வரில் உருட்ட ஆள் கிடையாது. அதற்காகத்தான் சேவையில் 'உருட்டிவிட்டு எடு' என்று ஒரு வசதி இருக்கிறது. அதுதான் வினையே. அது ஒரே தாவாகப் பக்கத்தின் அடிக்குப் போய், அப்படியே திரும்பி வருகிறது. இன்டர்செக்‌ஷன் அப்சர்வரை (ஒரு பகுதி திரைக்குள் வந்ததா என்று சொல்லும் உலாவி வசதியை) நம்பி எழுதிய பக்கங்கள், எது திரைக்குள் இருக்கிறது என்று ஃபிரேமுக்கு ஃபிரேம்தான் பார்க்கும். தாவுகிறபோது நடுப்பகுதி எந்த ஃபிரேமிலும் திரைக்குள் வருவதில்லை. மேலே உள்ளது கிடைக்கும், அடியில் உள்ளது கிடைக்கும், நடுவில் காலி.

இதற்கு மருந்து உண்டு. அவர்களுடைய உருட்டலை அணைத்துவிட்டு, சொந்த ஸ்கிரிப்ட் செலுத்தும் பெட்டியில் எழுதிக்கொள்ள வேண்டும்: 600 பிக்சல் இறங்கு, 150 மில்லிசெகண்ட் நில், மறுபடி இறங்கு, அடி வந்ததும் மேலே திரும்பு, 800 மில்லிசெகண்ட் பொறு. 9,000 பிக்சல் பக்கத்துக்கு 15 படி, மொத்தம் மூன்று வினாடி சொச்சம். இரண்டு இடத்தில் சறுக்கும். பக்கத்தின் உயரத்தைத் தொடக்கத்தில் ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் போதாது, படங்கள் இறங்க இறங்கப் பக்கம் வளரும், ஒவ்வொரு படியிலும் அளக்க வேண்டும். இன்னொன்று, தளத்தின் சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை முடிவுசெய்யும் விதிகளில்) 'ஸ்மூத்' உருட்டல் இருந்தால் ஸ்கிரிப்ட் சொல்லும் இடத்துக்குப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் அடுத்த கட்டளை வந்துவிடும். அதை முதலில் 'ஆட்டோ' ஆக்கிவிடுங்கள்.

ஆக, சரிசெய்ய முடியாத கோளாறு இல்லை. எரிச்சல் வேறு இடத்தில். பாதி வெள்ளையாக வந்த படத்துக்கும் சர்வர் தரும் பதில் எண் 200 தான், அதாவது 'எல்லாம் சரி'. கணக்கில் ஒன்று கழிந்துவிடும். அந்த வெள்ளைப் படமே 24 மணி நேரம் கேஷில் (அவர்களுடைய தற்காலிகச் சேமிப்பில்) உட்கார்ந்துகொள்ளும். தளத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி கேட்டால் அதே வெள்ளைப் படத்தைத் தூக்கிக் கையில் கொடுக்கும். 'புதிதாக எடு' என்ற அளவுருவைச் சேர்த்தால் எடுக்கும், அதற்கு இன்னொன்று கழியும். கெட்டுப்போன பாலுக்கும் காசு, மாற்றிக் கொடுத்ததற்கும் காசு. 14 மாதமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம், உதவிப் பிரிவும் கண்ணியமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

முழுப்பக்கப் படத்தில் மற்ற வேடிக்கைகளும் உண்டு. படம் எடுக்க ஜன்னலையே பக்கத்தின் உயரத்துக்கு நீட்டுகிற சேவை என்றால், 100 விஎச் (ஜன்னலின் முழு உயரம்) கொடுத்த முகப்புப் பட்டை ஜன்னலோடு சேர்ந்து நீண்டுவிடும். 9,000 பிக்சல் ஜன்னலில் 9,000 பிக்சலுக்கு ஒரே ஒரு புடவைக்கடை மாடல் நிற்பார். அந்தப் பட்டைக்கு அதிகபட்ச உயரம் 800 என்று சிஎஸ்எஸ் செலுத்தினால் அடங்கும். துண்டு துண்டாக எடுத்து ஒட்டுகிற சேவையில் இந்தத் தொல்லை இல்லை. பதிலுக்கு, மேலே ஒட்டிக்கொண்டே வரும் மெனு ஒவ்வொரு துண்டிலும் திரும்பத் திரும்ப வரும். சிஎஸ்எஸ்ஸில் அதன் 'ஃபிக்ஸ்டு' என்பதை 'அப்சொல்யூட்' ஆக்க வேண்டும். குரோமுக்கு 16,384 பிக்சல் என்ற எல்லையும் இருக்கிறது, அதைத் தாண்டினால் படத்தின் மேல்பகுதி கீழே மறுபடி தோன்றும், இல்லையென்றால் காலியாகும். ரெட்டினா தரம் (இரட்டிப்புக் கூர்மை) வேண்டும் என்று மடங்கு 2 வைத்தால் 8,192 பிக்சல் பக்கத்திலேயே எல்லை வந்துவிடும். நீளமான பக்கங்களுக்கு மடங்கு 1 போதும்.

குக்கி (தளம் உலாவியில் வைக்கும் சிறு குறிப்பு) அறிவிப்பைப் பற்றி ஒன்று. சேவையின் சர்வர் ஐரோப்பாவில் இருந்தால், இங்கே நம் கண்ணுக்கு வராத சம்மதப் பெட்டி படத்தில் வரும். முதல் யோசனையாக எல்லோரும் அந்தப் பெட்டியைச் சிஎஸ்எஸ்ஸால் மறைப்பார்கள். மறையும். ஆனால் பல பெட்டிகள் திறக்கும்போதே பக்கத்தின் உடலான 'பாடி'க்கு, உருட்டலைத் தடுக்கும் 'ஓவர்ஃப்ளோ ஹிட்டன்' போட்டுப் பக்கத்தைப் பூட்டிவிடும், அந்தப் பூட்டு அப்படியே இருக்கும். விளைவு: முழுப்பக்கம் கேட்டால் முதல் திரையோடு படம் அறுந்து வரும். சம்மதம் கொடுத்தபின் உலாவியில் விழும் குக்கியின் பெயரையும் மதிப்பையும் எடுத்து, கோரிக்கையோடு அனுப்பிவிடுவதே சுத்தம்.

தமிழ்த் தளங்கள் வைத்திருப்பவர்களுக்கு இது தனியாக: கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து கேடமரன், முக்தா மலர் போன்ற எழுத்துருக்களை எடுத்தால், லத்தீனுக்கு ஒரு கோப்பு, தமிழுக்கு ஒரு கோப்பு என்று பிரிந்து வரும். பக்கத்தில் தமிழ் எழுத்து தென்பட்ட பிறகுதான் தமிழ்க் கோப்பு இறங்கும். அதற்குள் படம் எடுத்துவிட்டால், தொலைபேசி எண் அழகான எழுத்துருவிலும் 'தொடர்புக்கு' சர்வரில் கிடைத்த ஏதோ ஒரு எழுத்துருவிலும் நிற்கும். சர்வரில் தமிழ் எழுத்துருவே இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும், அது பரவாயில்லை, உடனே கண்ணில் படும். மாற்று எழுத்துரு வந்தால்தான் ஆபத்து. எழுத்து அகலமாகி, ஒரு வரியில் நின்ற மெனு இரண்டு வரியாகி, பக்கம் முழுக்க 30 பிக்சல் இறங்கி, போன வாரப் படத்தோடு ஒப்பிடும்போது எல்லாமே மாறியதாகச் சிவப்பு காட்டும். எழுத்துருக்கள் இறங்கி முடிந்ததைச் சொல்லும் 'டாக்குமென்ட் ஃபான்ட்ஸ் ரெடி'க்குக் காத்திருக்கும்படி அதே ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தால் போதும். நெட்வொர்க் அடங்கும்வரை காத்திரு என்ற அமைப்பை மட்டும் நம்பாதீர்கள். சாட் பெட்டி வைத்த தளம் அடங்கவே அடங்காது, காலக்கெடு முடிந்து தோல்வியில் நிற்கும். சாட் டொமைனைத் தடைப்பட்டியலில் போடுங்கள்.

இவ்வளவு திட்டியபின் நியாயமும் பேச வேண்டும். எதிர்பார்க்காமல் கிடைத்த நன்மை, தேதியோடு சேர்ந்த பழைய படங்கள்தான். தீபாவளிச் சலுகைப் பட்டை கைபேசியில் வரவேயில்லை என்று வாடிக்கையாளர் சொன்னால், 390 பிக்சல் படத்தைத் திறந்து காட்டலாம், பேச்சு ஐந்து நிமிடத்தில் முடியும். மாதாந்திர அறிக்கையில் முன்னும் பின்னும் வைத்தால், பராமரிப்புக் கட்டணம் எதற்கு என்ற கேள்வி குறைகிறது. தேதி யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) விழுகிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நம் ஊர் திங்கள் அதிகாலை 2 மணிக்கு எடுத்த படம், கோப்பில் ஞாயிறு 20:30 என்று இருக்கும். அறிக்கையில் படத்தை அவர்களுடைய முகவரியிலிருந்தே நேராகக் காட்டினால் அணுகல் சாவியும் முகவரியோடு சேர்ந்து வாடிக்கையாளர் கைக்குப் போய்விடும். இறக்கி, சொந்த இடத்தில் வைத்துக் கொடுங்கள்.

பிளேரைட் (உலாவியை நிரலால் இயக்கும் இலவசக் கருவி) வைத்து நாமே செய்யக்கூடாதா என்றால், செய்யலாம். அசைவுகளை நிறுத்துவதும் மாறும் பகுதிகளை மறைப்பதும் அதில் ஒரு சொல்லில் முடியும். ஆனால் அதைத் தனிப் பெட்டிபோல ஓட்ட உதவும் டாக்கரில் பகிர்வு நினைவகம் இயல்பாக 64 எம்பிதான், பெரிய பக்கத்தில் குரோம் சத்தமில்லாமல் விழும். தமிழுக்கு நோட்டோ எழுத்துருக்களை நாமே நிறுவ வேண்டும். திங்கள் அதிகாலை விழுந்தால் எழுப்புவதும் நாம்தான். 22 தளத்துக்கு அந்தத் தலைவலிக்கு மாதச் சந்தாவே மலிவு.

மலிவு, வேலை செய்கிறது, அறிக்கைக்கு உதவுகிறது. ஆனாலும் நண்பருக்குச் சொன்னது: வருடச் சந்தா எடுக்காதே. வெள்ளைப் படத்துக்குக் காசு பிடிக்கிறவர்களிடம் 12 மாதப் பணத்தை முன்கூட்டிக் கொடுக்க மனம் வரவில்லை. மாதாமாதம் கட்டு, கோபம் வந்த மாதம் நிறுத்திவிடலாம். இது கணக்குப் பார்த்துச் சொன்னதில்லை, நாங்களும் இன்னும் நிறுத்தவில்லை.

எடுத்தால், முதல் நாளே ஒரு காவலை வைத்துவிடு. பிஎன்ஜி படக் கோப்பில் வெற்று வெள்ளை நன்றாகச் சுருங்கும், அதனால் கோப்பின் எடையே காட்டிக்கொடுக்கும். போன வாரம் 2.4 எம்பி வந்த பக்கம் இந்த வாரம் 700 கேபி வந்தால் அந்தப் படத்தை அறிக்கைக்கு அனுப்பாதே. எடை போன வாரத்தில் 60 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, உயரம் 10 சதவீதத்துக்கு மேல் மாறினாலோ தனி ஃபோல்டரில் தள்ளும்படி வை. திங்கள் காலை முதலில் திறக்க வேண்டியது அந்த ஃபோல்டரைத்தான்.