ஸ்கீஃப்: பெர்மி பரப்பை அளப்பவர்களுக்கான ஒரு நிரல்

அடுக்கு ஆக்சைடு உலோகங்களில் குவாண்டம் அலைவுகளை (காந்தப்புலத்தை மாற்றும்போது மின்தடை போன்றவை ஏறி இறங்குவதை) அளப்பவர்களுக்கு, கிடைத்த அதிர்வெண் எந்தப் பட்டைக்கு (எலக்ட்ரான்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஆற்றல் தொகுதிக்கு) உரியது என்று கண்டறிவதுதான் பெரும்பாடு. ரூர்க், ஜூலியன் ஆகிய இருவரும் 2012இல் வெளியிட்ட ஸ்கீஃப் என்னும் இலவச ஃபோர்ட்ரான் நிரல் இந்த ஒரு வேலையை மட்டுமே செய்கிறது. ஜூலியன், ஸ்ட்ரான்ஷியம் ருத்தேனேட் என்னும் அடுக்கு ஆக்சைடின் பெர்மி பரப்பை (எலக்ட்ரான்கள் நிரம்பிய நிலைகளுக்கும் காலி நிலைகளுக்கும் இடையிலான எல்லையை) 1996இல் அளந்து காட்டிய குழுவில் ஒருவர். ஆய்வகத்தில் என்ன தேவைப்படும் என்பதை அறிந்தவரின் கை இதில் தெரிகிறது.

பட்டைக் கணிப்பில் கிடைத்த ஆற்றல் மதிப்புகள் அடங்கிய கோப்பையும் காந்தப்புலத்தின் திசையையும் கொடுத்தால், புலத்துக்குச் செங்குத்தாகப் பெர்மி பரப்பை வெட்டிவெட்டி, பரப்பளவு பெருமமாகவோ சிறுமமாகவோ அமையும் பாதைகளைத் தேடி, ஒவ்வொன்றின் பரப்பளவுக்கு நேர்விகிதமான அதிர்வெண்ணையும் (இது காந்தப்புல அலகான டெஸ்லாவில் வரும்) பட்டை நிறையையும் (அந்தப் பட்டையில் எலக்ட்ரானுக்கு இருப்பதாகத் தோன்றும் நிறை), அது எலக்ட்ரான் பாதையா துளைப் பாதையா (துளை என்பது எலக்ட்ரான் இல்லாத காலியிடம்) என்பதையும் தருகிறது. உருளை வடிவப் பெர்மி பரப்பில் புலம் சாயச் சாயப் பாதை நீண்டு ஒரு பிரில்லுவான் மண்டலத்துக்குள் (படிகத்தின் உந்த வெளியில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படை அலகுக்குள்) அடங்காமல் போகும். பல மண்டலங்களை அடுக்கிவைத்துத் தேடுவதால் இந்த நிரல் அங்கே தடுமாறுவதில்லை.

முதலில் பல்லேடியம் கோபால்டேட் என்னும் அடுக்கு ஆக்சைடில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. அடுக்கில் ஒரு பல்லேடியத்துக்கு ஒரு கடத்தும் எலக்ட்ரான் இருப்பதால் பெர்மி பரப்பு மண்டலத்தில் சரிபாதியை நிரப்ப வேண்டும். அணுக்களுக்கு இடையிலான 2.83 ஆங்ஸ்ட்ராம் தொலைவை பரப்பளவை அதிர்வெண்ணாக மாற்றும் ஒன்சாகர் சமன்பாட்டில் இட்டால் ஏறத்தாழ 29.8 கிலோடெஸ்லா என்று கைக்கணக்கிலேயே வந்துவிடும். அளவீட்டில் இதன் இருபுறமும் நெருக்கமாக இரண்டு அதிர்வெண்கள் தெரிகின்றன. ஒன்று உருளையின் பருத்த பகுதி, மற்றது ஒடுங்கிய பகுதி. அந்தச் சிறு இடைவெளியைப் பிடிக்க, உள்ளீட்டுக் கோப்பில் ஆற்றலைக் கணக்கிட்ட புள்ளிகளின் கட்டம் நெருக்கமாக இருந்தாக வேண்டும்.

ஆற்றல் ரிட்பெர்க் அலகில் (ஒரு ரிட்பெர்க் ஏறத்தாழ 13.6 எலக்ட்ரான்வோல்ட்) இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. எலக்ட்ரான்வோல்ட் எண்களை அப்படியே கொடுத்தால் அதிர்வெண் சரியாகவே வரும், நிறை மட்டும் 13.6 மடங்கு குறைந்துவிடும். விடை பாதி சரியாக இருப்பதால் பிழை எளிதில் கண்ணில் படாது.

ஸ்ட்ரான்ஷியம் ருத்தேனேட்டில் காமா என்று பெயரிடப்பட்ட பட்டையில் அளந்த நிறை எலக்ட்ரான் நிறையைப்போல் ஏறத்தாழ 16 மடங்கு, பட்டைக் கணிப்போ 3 மடங்கைக்கூட எட்டாது. இந்த வேறுபாடு எலக்ட்ரான்களின் பரஸ்பர விசையால் வருவது. அதற்கு நிரலைக் குறைசொல்ல முடியாது. அலைவின் வீச்சையும், வலுவான புலத்தில் எலக்ட்ரான் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதால் உண்டாகும் கூட்டு அதிர்வெண்களையும் இது கணிப்பதில்லை; அவற்றைத் தேடுபவர் பட்டியலில் வந்த பரப்பளவுகளைத் தாமே கூட்டியும் கழித்தும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.