கேள்வித் தொகுப்பா, விதிக் கையேடா?

வாகனம் ஓட்டப் பழகுவோருக்கான விதித் தேர்வுக்கு நான் இரண்டு வழியிலும் படித்தேன். முதல் இரண்டு வாரம் கைப்பேசிச் செயலியில் மாதிரிக் கேள்விகள், பிறகு சாலை விதிக் கையேடு. இனி யார் கேட்டாலும் கையேட்டைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பேன்.

செயலியின் வசதியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிடைத்த ஐந்து நிமிடத்தில் பத்துக் கேள்வி பார்த்துவிடலாம், தவறும் உடனே தெரிந்துவிடும்.

ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால்? அங்கேதான் நான் சறுக்கினேன். வண்டி நிற்க ஆகும் தூரம் பற்றிய கேள்வி திரும்பத் திரும்ப வந்ததில், விடை மூன்றாவது கட்டத்தில் இருக்கும் என்பதுகூட மனப்பாடம் ஆகியிருந்தது. ஒருநாள் வேகத்தை இரட்டித்துக் கேட்டார்கள். நானும் தூரத்தை இரட்டித்துக் குறித்தேன். தவறு.

காரணம் கையேட்டில் கிடைத்தது. அந்தத் தூரம் இரண்டு பகுதி. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும்வரை வண்டி ஓடுவது ஒன்று, பிரேக் பிடித்த பின் ஓடுவது மற்றொன்று. மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 10 மீட்டர். கால் நகர ஒரு நொடி ஆனாலே 10 மீட்டர் போய்விடும். வேகம் இரட்டித்தால் இது 20. பிரேக் பிடித்த பின் ஓடும் தூரமோ நான்கு மடங்காகிறது: முன்பு 8 மீட்டர் என்றால் இப்போது 32. ஆக, 18 மீட்டரில் நின்றிருக்க வேண்டிய வண்டி 52 மீட்டர் ஓடுகிறது. இதைத் தாளில் கோடு போட்டுப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டது. அதன்பின் எந்த எண்ணைக் கொடுத்துக் கேட்டாலும் தடுமாறவில்லை.

சாலைக் குறிகளும் அப்படித்தான். 'நில்' பலகைக்கு மட்டும் எண்கோணம், 'வழிவிடு' பலகைக்கு மட்டும் தலைகீழ் முக்கோணம் ஏன்? எழுத்தைச் சேறு மூடினாலும், பலகையைப் பின்பக்கமிருந்து பார்த்தாலும் வடிவமே சொல்லிவிடும். இது புரிந்தவருக்குக் குறிகளைத் தனித்தனியாக உருப்போடும் வேலை பாதியாகக் குறையும்.

காணொளியில் ஆபத்தைக் கண்டறியும் பகுதி உள்ள தேர்வுகளுக்குக் கையேடு மட்டும் போதாது, செயலிப் பயிற்சியும் வேண்டும் என்றே நினைக்கிறேன். நான் எழுதிய தேர்வில் அந்தப் பகுதி இல்லை. எனவே அழுத்திச் சொல்ல மாட்டேன்.

கடைசி மூன்று நாள் நானும் செயலிக்குத் திரும்பினேன், தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் கையேட்டின் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு.