குட்டை பேரல் துப்பாக்கிக்கு சைலன்சர் வாங்கப் போகிறீர்களா? என் 1,172 டாலர் போன விதத்தைப் படித்துவிட்டுப் போங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன். வரிசை முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் நம் ஆட்கள் கொஞ்சம் பேர் இப்போது துப்பாக்கி வைத்திருக்கிறோம், வார இறுதியில் யாராவது தெரிந்தவர் பண்ணையில் பன்றி சுடப் போகிறோம். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. ஊரில் இருந்து படிப்பவர்கள் "சைலன்சரா, அது கூலிப்படைக்காரன் வைத்திருப்பதாயிற்றே" என்று பதற வேண்டாம். அமெரிக்காவில் 42 மாநிலங்களில் அதைச் சட்டப்படி வாங்கலாம், டெக்சாஸும் அதில் ஒன்று. கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பே கிடையாது.

1934-ல் போட்ட சட்டப்படி ஒரு சைலன்சர் வாங்க 200 டாலர் வரி கட்ட வேண்டியிருந்தது. தொண்ணூறு வருடத்துக்கு மேல் அந்தத் தொகை மாறவே இல்லை. 2026 ஜனவரி 1 முதல் அது பூஜ்யம். வரிதான் போயிற்று, பதிவு போகவில்லை: உரிமையை நம் பெயருக்கு மாற்றும் அதே படிவம் 4, அதே விரல்ரேகை, அதே புகைப்படம், துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்-பின் ஒப்புதல் வரும் வரைக்கும் அதே காத்திருப்பு. ஆனால் வரி போனது என்றதும் கடைகளில் கூட்டம் அள்ளுகிறது. அந்தக் கூட்டத்தில்தான் நானும் சிக்கினேன். 1,172 டாலர். ஊர்க் கணக்கில் லட்சம் ரூபாய்க்கு மேல்.

என்னிடம் இருப்பது 5.56 மி.மீ. குண்டு போடும் ஏ.ஆர். ரகத் துப்பாக்கி, பேரல், அதாவது குழல், 11.5 அங்குலம். 16 அங்குலத்துக்குக் கீழே போனால் எஸ்.பி.ஆர்., அதாவது குட்டை பேரல் ரைஃபிள், என்று தனியாகப் பதிய வேண்டும், பதிந்திருக்கிறேன், எல்லாம் முறைப்படி. இதை எதற்கு வாங்கினேன் என்றால், பிக்கப் வண்டிக்குள்ளிருந்து இறங்கும்போதும் மறைவுக் கூண்டுக்குள் திரும்பும்போதும் எதிலும் இடிக்காமல் இருக்கத்தான். அதன் நுனியில் எட்டு அங்குலத்துக்கு ஒரு சைலன்சரை மாட்டினால் பிறகு குட்டைத் துப்பாக்கிக்கு என்ன அர்த்தம்? அதனால் ஐந்து அங்குல அளவில் ஒரு குட்டி சைலன்சர் தேடினேன். சைலன்சர் எதற்கு என்று கேட்டால், காதுக்கு. 5.56 துப்பாக்கி 160 டெசிபலைத் தாண்டிக் கத்தும், 140-க்கு மேல் போனாலே காது கெட்டுப்போகும் என்கிறார்கள், பேரல் குட்டையாக ஆக சத்தம் இன்னும் கூடும். சினிமாவில் வருவது மாதிரி "ப்ஸ்க்" என்று ஒன்றும் ஆகாது. குண்டு ஒலியைவிட வேகமாகப் போகிற வரைக்கும் அந்த வெடிப்பு இருக்கத்தான் செய்யும்.

கடை எப்படிப்பட்டது என்று மட்டும் சொல்கிறேன். நெடுஞ்சாலை ஓரம், பின்னால் ஷூட்டிங் ரேஞ்ச், முன்னால் கண்ணாடி மேசைகள், உள்ளே நுழைந்ததும் காபி வேண்டுமா என்று கேட்கும் வகை. மேசைக்குப் பின்னால் நின்றவன் தாடி வைத்த ஆள், நாற்பது வயது இருக்கும், ரொம்ப மரியாதையாகப் பேசினான். நான் வாயைத் திறந்து சொன்ன முதல் வாக்கியமே "5.56, பதினொன்றரை அங்குல பேரல், எஸ்.பி.ஆர்." என்பதுதான். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன். அவன் கீழே குனிந்து ஒரு டைட்டானியம் சைலன்சரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். தூக்கினால் எடையே தெரியவில்லை. "இதைத்தான் என்னுடைய பத்தரை அங்குலத்தில் போட்டிருக்கிறேன், குட்டை பேரலுக்கென்றே செய்தது, வருடக்கணக்கில் அடிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்றான். தன் போனை எடுத்துப் படம்கூடக் காட்டினான். இதற்கு மேல் ஒரு வாடிக்கையாளன் என்ன கேட்பான்? அங்கேயே விரல்ரேகை எடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், கார்டைத் தேய்த்தேன். சைலன்சர் 899, மாட்டுகிற மவுண்ட் 115, விற்பனை வரி எட்டேகால் சதவீதம், அதற்கு மேல் கடைக்காரனின் காகித வேலைக் கட்டணம் 75. ஆக மொத்தம் 1,172 டாலர்.

ஒப்புதல் வந்து கையில் வாங்கிய நாளில் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. முதல் தொல்லை புகை. குட்டைத் துப்பாக்கியில் சைலன்சர் மாட்டினால் வாயு பின்னால் திரும்பும், பின்பக்கம் இழுக்கிற சார்ஜிங் ஹேண்டில் இடுக்கு வழியாக நேரே முகத்துக்கு வரும், கண் எரியும், மூக்குக்குள் கந்தக நெடி. அது ஓரளவுக்கு எல்லா சைலன்சரிலும் உண்டு என்று சொன்னார்கள், சரி என்று விட்டேன். அப்புறம் ஒரு ராத்திரி பன்றிக்குப் போனபோது பக்கத்தில் இருந்த அண்ணன் சொன்னார்: "தம்பி, உன் துப்பாக்கி நுனியில் மத்தாப்பு விடுதுப்பா." ஒவ்வொரு சூட்டுக்கும் வெள்ளை வெள்ளையாய்ப் பொறி. அதற்கப்புறம் நூறு கஜத்தில் கைப்பிடி அளவுக்குள் விழுந்துகொண்டிருந்த குண்டுகள் தட்டு அளவுக்குச் சிதற ஆரம்பித்தன.

வீட்டில் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். சைலன்சருக்குள் அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கும், பேஃபிள் என்பார்கள், நடுவில் குண்டு போகத் துளை. முதல் தகட்டின் துளை வட்டமாகவே இல்லை. ஒரு பக்கம் விளிம்பு அரித்து, பல் பல்லாக, சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று. புதிதில் கத்தி போட்டு வெட்டியது மாதிரி இருந்த விளிம்பு அது.

அண்ணன்தான் காரணத்தை விளக்கினார். பேரல் நீளமாக இருந்தால் வெடிமருந்து உள்ளேயே எரிந்து முடிந்து அழுத்தமும் இறங்கியிருக்கும். 11.5 அங்குலத்தில் அதற்கு இடமில்லை. இன்னும் எரிந்துகொண்டிருக்கிற மருந்தும் வாயுவும் அப்படியே முதல் தகட்டில் போய் மோதுகின்றன. டைட்டானியம் லேசுதான், ஆனால் சூடேறினால் பலம் இறங்கிவிடும், அந்த வெள்ளைப் பொறி என்பதே டைட்டானியம் எரிவதுதான். அதனால்தான் குட்டை பேரலில் அடிக்கிற 5.56-க்கு முதல் தகட்டையாவது இன்கோனல், ஸ்டெல்லைட் மாதிரி சூடு தாங்கும் உலோகத்தில் செய்கிறார்கள். அந்தத் தொழிலில் இருப்பவனுக்கு இது அரிச்சுவடி. பெட்டிக்குள் இருந்த கையேட்டிலேயே 5.56-க்குக் குறைந்தபட்ச பேரல் நீளம் 14.5 அங்குலம் என்று போட்டிருக்கிறது.

"அதை முன்னாடியே படித்திருக்கலாமே" என்று கமெண்டில் வரப்போகிறவர்களே, அந்தப் பெட்டியை எப்போது கொடுத்தார்கள் தெரியுமா? ஒப்புதல் வந்த பிறகு. அதற்குள் பணமும் போயாயிற்று, பொருளும் அரசாங்கப் பதிவேட்டில் என் பெயருக்கு வந்தாயிற்று. வாயால் அளவைச் சொல்லிக் கேட்டவனிடம் தவறான பொருளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, படிக்கிற வேலையும் என்னுடையது என்றால் மேசைக்குப் பின்னால் ஆள் எதற்கு?

கடைக்குப் போனேன். முதலில் "அது கரி படிந்திருக்கும், சுத்தம் செய்யுங்கள்" என்றார்கள். கரி எங்கேயாவது உலோகத்தைக் கடித்துத் தின்னுமா? டார்ச் அடித்துக் காட்டியதும் "இதைப் பார்க்கிறவர் இன்று இல்லை" என்றார்கள். தாடிக்காரனைக் கேட்டால் வேலையை விட்டுப் போய்விட்டானாம். மேனேஜருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், "உற்பத்தியாளரிடம் பேசுங்கள், உத்தரவாதம் அவர்களுடையது" என்று ஒரு வரி. உற்பத்தியாளருக்கு எழுதினேன். அவர்கள் பதில் இந்த வாரம்தான் வந்தது, ரொம்ப நாகரிகமாக: குறிப்பிட்ட நீளத்துக்குக் கீழான பேரலில் பயன்படுத்தியிருப்பதால் உத்தரவாதம் பொருந்தாது, எந்த பேரலுக்கு விற்கிறோம் என்று பார்ப்பது கடையின் பொறுப்பு. அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு மறுபடி கடைக்குப் போனால், மேனேஜர் சுவரில் ஒட்டியிருந்த தாளை விரலால் காட்டினான்: விற்ற சைலன்சர் திரும்பப் பெறப்படாது. "ரசீதில் பேரல் நீளம் எங்கே எழுதியிருக்கிறது?" என்றும் கேட்டான். எழுதவில்லைதான். மாடல் எண் மட்டும்தான் இருக்கிறது. கார்டு கம்பெனியில் புகார் கொடுத்தேன், ரசீதில் உள்ள பொருள் கைக்கு வந்துவிட்டதே என்று அவர்களும் கையை விரித்துவிட்டார்கள். 1,172 டாலர்!

வேறு எந்தச் சாமானாக இருந்தாலும் போகிறது என்று தலையைச் சுற்றி வீசிவிடலாம். இதை வீசவும் முடியாது. பதிவு எண் உள்ள பொருள், யார் கைக்குப் போனாலும் மறுபடி படிவம், மறுபடி ஒப்புதல். நானே திறந்து தகட்டை மாற்றலாமா என்றால், உரிமம் உள்ளவர்கள்தான் தொடலாம், நான் தொட்டால் அது குற்றம். இப்படி அரித்துப்போனதை யார் வாங்குவார்கள்? பூட்டிய அலமாரிக்குள் கிடக்கிறது.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் ஆரம்பித்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பணம் கொடுக்கும் முன் உங்கள் குண்டு ரகத்தையும் பேரல் நீளத்தையும் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். உற்பத்தியாளர் சொல்லும் குறைந்தபட்ச பேரல் நீளத்தை நீங்களே அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள், ஒரே சைலன்சருக்கு 5.56-க்கு ஒரு நீளம், 300 பிளாக்அவுட் என்ற இன்னொரு குண்டு ரகத்துக்கு வேறு நீளம் இருக்கும். பிளாக்அவுட்காரர்கள் ஒன்பது அங்குலத்தில் நன்றாக ஓட்டுகிறார்கள் என்று அவர்கள் பேச்சைக் கேட்டு 5.56-க்கு வாங்காதீர்கள். மாட்டியதும் அலைன்மென்ட் ராடு என்கிற நேரான கம்பியை பேரலுக்குள் விட்டு சைலன்சர் நேராக இருக்கிறதா என்று பாருங்கள், மாட்டும்போது நசுங்கி இறுகுகிற கிரஷ் வாஷர் போடவே போடாதீர்கள். குட்டி சைலன்சர் மாட்டியிருந்தாலும் காதுக்கு மஃப் போடுங்கள். அப்புறம், "துப்பாக்கி சுத்தம் செய்யும் கிட்" என்று ஆன்லைனில் சல்லிசாக வருகிற உருளைகள் பக்கமே போகாதீர்கள். அது பதிவில்லாத சைலன்சர் கணக்கில்தான் வரும், பத்து வருடம் வரை உள்ளே போக வேண்டியிருக்கும், விசா, கிரீன் கார்டு எல்லாம் அதோடு சரி.

நான் விடப்போவதில்லை. டெக்சாஸ் நுகர்வோர் சட்டப்படி வழக்குக்கு முன் 60 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நேற்று பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். பதில் வராவிட்டால் சின்ன வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட், அங்கே 20,000 டாலர் வரைக்கும் வக்கீல் இல்லாமலே கேட்கலாம். அதுவரைக்கும் கடை பெயரை இன்பாக்ஸில் வந்து கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.