தக்காளிப் புழுவுக்குக் கொசு மருந்தை விற்றுவிட்டார்கள்

பெயர்ச்சீட்டு இல்லாத பையில் 'பிடி' (Bt) புழு மருந்துப் பொடி என்று யாராவது நீட்டினால் வாங்கிவிடாதீர்கள். நான் 18 வெள்ளி கொடுத்து வாங்கினேன். அது இலைப்புழுவுக்கான மருந்தே அல்ல.

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்தில் நான்கு தொட்டிகளில் குட்டித் தக்காளி வளர்க்கிறேன். இந்த ஊர் வெக்கையில் பெரிய தக்காளி பூத்துப் பூத்து உதிர்ந்துவிடும். குட்டித் தக்காளிதான் காய் பிடிக்கிறது. சென்ற மாதம் ஒரு காலையில் இலையெல்லாம் ஓட்டை, மண்மேல் கடுகு கடுகாய்க் கரும்பச்சை எச்சம். இலையைத் திருப்பினால் நகத்தின் நீளம்கூட இல்லாத பச்சைப் புழுக்கள். அன்றே ஒரு செடிக் கடைக்கு ஓடினேன்.

விற்றவர் சிறு பையில் பிரித்துக் கட்டிய பழுப்புப் பொடியைத் தந்தார். "இது பிடி மருந்து அக்கா, இயற்கையானது. சாப்பிடுகிற செடிக்கும் தெளிக்கலாம்" என்றார். பிடி என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா. அது பட்ட இலையைத் தின்ற புழு குடல் கெட்டு, சில மணி நேரத்தில் மேய்வதை நிறுத்தும். சில நாளில் சாகும். இது எனக்கு முன்பே தெரியும் என்பதால் நம்பினேன். வெயிலில் வீரியம் போய்விடும் என்று மாலையில், இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளித்தேன்.

மூன்றாம் நாளும் புழுக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. தொலைபேசியில் கேட்டால், "ஒரு வாரம் பொறுங்கள், இன்னொரு முறை தெளியுங்கள்" என்றார். தெளித்தேன். பத்தாம் நாள் பார்த்தால் புழுக்கள் ஓர் அங்குலத்துக்கு வளர்ந்து, தலையைக் காய்க்குள் நுழைத்துப் பாதி உடல் வெளியே தெரியக் குடைந்துகொண்டிருந்தன. உள்ளே போன புழுவை எந்தத் தெளிப்பு எட்டும்? முப்பதுக்கு மேற்பட்ட காய்களைப் பறித்து எறிந்தேன். முதல் பழத்தை நீதான் பறிக்க வேண்டும் என்று பேரனிடம் சொல்லி வைத்திருந்தேன். 18 வெள்ளி போனது பெரிதல்ல, அந்தப் பத்து நாள் போனதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

கடைக்குத் திரும்பப் போய், எந்த டப்பாவிலிருந்து பிரித்தீர்களோ அதைக் காட்டுங்கள் என்று நின்றேன். வெகுநேரம் மழுப்பிவிட்டு எடுத்து வந்தார். அதில் 'இஸ்ரேலென்சிஸ்' என்று எழுதியிருந்தது. டெங்கிக்காகக் கூரை நீர்த்தாரையில் போடச் சொல்கிறார்களே, அந்த பிடிஐ! கொசுப்புழுவைக் கொல்லும், தக்காளிப் புழுவை ஒன்றும் செய்யாது. இலைப்புழுவுக்கு 'குர்ஸ்டாகி' அல்லது 'ஐசாவாய்' வகைதான் வேண்டும். "எல்லாம் பிடிதானே அக்கா" என்றார். பணம் திரும்ப வரவில்லை.

அதற்குப் பதிலாக, எழுத்தே இல்லாத ஒரு குப்பியை நீட்டி, "இதை இலவசமாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரே நாளில் சுத்தமாகிவிடும்" என்றாரே, அங்கேதான் எனக்கு உடம்பு பதறியது. உள்ளே இருப்பது என்ன, தெளித்து எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம் என்று எதுவும் தெரியாத விஷத்தைக் குழந்தை பறித்து வாயில் போடும் பழத்தில் தெளிப்பதா? அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

மூடி உடைக்காத டப்பாவாக, வகையின் பெயரும் காலாவதித் தேதியும் பார்த்து வாங்குங்கள். குட்டிப் புழுக்கள் மூன்று நாள் கழித்தும் மேய்ந்தால் என்னைப் போலக் காத்திருக்காதீர்கள்.

இப்போது இரவில் கைவிளக்கோடு ஒவ்வோர் இலையாகப் பார்த்து, புழுவைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுகிறேன். அந்துப்பூச்சி முட்டையிடாதபடி செடிகளுக்கு வலை கட்டியாயிற்று. தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்க்கும், பூங்கொத்தைக் காலையில் மெல்லத் தட்டிவிட்டால் போதும். இரண்டு தொட்டிகளில் மறுபடி பிஞ்சு விட்டிருக்கிறது.