பெயரை நம்பி 3,800 டாலர்: கஸ்டம் 1911 கைத்துப்பாக்கி செய்யக் கொடுப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள். டெக்சஸில் சனிக்கிழமை சனிக்கிழமை போட்டிக்குச் சுடப் போகும் நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் மூன்று பேராவது இந்த வருடம் என்னிடம் "ஒரு நல்ல கஸ்டம் 1911 செய்யலாம்னு இருக்கேன், யார்கிட்ட கொடுக்கலாம்" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் செய்யக் கொடுத்த துப்பாக்கி 31 மாதம் கழித்து வந்தது, வந்த முதல் நாளே ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி இடத்தில், டிரிக்கரை ஒரு தடவை அழுத்த, இரண்டு குண்டு போனது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இரண்டாவது குண்டு மண்மேட்டின் உச்சியில் போய்ப் புழுதி கிளப்பியதை நான் பார்த்தேன், அதற்கு இரண்டடி மேலே வெறும் வானம்.

1911 பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஜான் பிரௌனிங் வடிவமைத்தது, அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்றுக்கொண்டது, 1985-இல் பெரெட்டா கம்பெனியின் பிஸ்டல் வரும்வரை அதுதான் அவர்களுடைய பிஸ்டல். இன்றைய க்ளாக் பிஸ்டல் மாதிரி பாகத்தை எடுத்துப் போட்டால் அப்படியே உட்கார்ந்துகொள்ளும் சாமான் இல்லை இது. மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடும் கீழே கைப்பிடியோடு இருக்கும் பிரேமும் உரசும் இடம், பேரலின் (குழலின்) கீழ்க்கட்டை, அதன் முன்முனையைப் பிடிக்கும் புஷிங் வளையம், உள்ளே ஹேமரும் (அடிக்கும் சுத்தியல்) அதைப் பிடித்து வைத்து டிரிக்கரை அழுத்தியதும் விடும் சியரும் ஒன்றையொன்று பிடிக்கும் விளிம்பு என்று எல்லாவற்றையும் ஒரு மனிதன் அரத்தை வைத்து இழைத்து இழைத்துப் பொருத்தினால்தான் அது அதனுடைய முழுத் தரத்துக்கு வரும். அதனால்தான் வில்சன் காம்பாட், நைட்ஹாக், எட் பிரௌன், லெஸ் பேர் என்று இதற்கென்றே வாழும் கம்பெனிகள் இருக்கின்றன. அதே காரணத்தால்தான் இதில் ஏமாறவும் முடிகிறது. கைவேலைக்குத்தான் காசு கொடுக்கிறோம், அந்தக் கைவேலையோ ஸ்லைடுக்கு உள்ளே மறைந்து கிடக்கிறது.

யு.எஸ்.பி.எஸ்.ஏ என்ற அமெரிக்கத் துப்பாக்கி சுடும் சங்கத்தின் போட்டியில், 1911 மாதிரித் துப்பாக்கிகளுக்கான சிங்கிள் ஸ்டாக் பிரிவில் சுட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் கோல்ட் (Colt) கம்பெனியின் சீரீஸ் 70 வகை 1911 ஒன்று இருந்தது. 1983-இல் வந்த சீரீஸ் 80-இல், தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைத் தடுக்கும் கூடுதல் பாகங்கள் உண்டு, 70-இல் அவை இல்லை, டிரிக்கர் வேலை சுத்தமாக வரும் என்று பார்த்துத்தான் அதை வாங்கியிருந்தேன். புதிதாக வில்சனோ நைட்ஹாக்கோ வாங்கும் காசுக்கு, என் துப்பாக்கியையே ஒரு பெரிய கையிடம் கொடுத்துச் செய்துகொண்டால் அது என்னுடையதாகவே இருக்குமே என்று ஆசை. துப்பாக்கி செய்து பழுதுபார்க்கும் கன்ஸ்மித் ஒருவரைப் பிடித்தேன். வேறு மாநிலம். இருபது வருடத்துக்கு மேல் பெயர் எடுத்தவர், அவர் செய்த பழைய துப்பாக்கி ஒன்றை நானே ஒரு போட்டியில் கையில் வாங்கிச் சுட்டுப் பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு டிரிக்கரை அதற்கு முன்னால் நான் தொட்டதில்லை. பெயரையும் கடையையும் இங்கே எழுதவில்லை, புகார் இன்னும் நடப்பில் இருக்கிறது.

பேசிய தொகை 3,800 டாலர். பாதி டெபாசிட், அதாவது 1,900. பத்து மாதத்தில் முடியும் என்றார். கார்டில் கட்டினால் 3 சதவீதம் கூடுதல், செக் அனுப்பினால் இல்லை என்றார்கள், நான் செக் அனுப்பினேன். 57 டாலர் மிச்சம் பிடித்தேன் என்று அன்றைக்குத் திருப்தி. இது 2022 மார்ச்.

பத்து மாதம் ஆனது. பேரல் வரவில்லை என்றார்கள். சரி, கோவிட்டுக்குப் பிறகு எல்லாச் சாமானும் தாமதம்தானே என்று நானும் விட்டேன். அடுத்த கோடையில் விலை ஏறிவிட்டது, பாகங்கள் வாங்க இன்னொரு 1,200 அனுப்புங்கள் என்று ஒரு மின்னஞ்சல். அனுப்பினேன். ஏற்கெனவே என் துப்பாக்கியும் என் காசும் அவர்களிடம் இருக்கும்போது, மாட்டேன் என்று சொல்ல மனம் வரவில்லை. அப்புறம் போன் எடுப்பதே குறைந்துவிட்டது. எடுத்தாலும் அவர் பேசமாட்டார், யாரோ ஒரு பெண் பேசுவார், "அடுத்த வாரம் பாலிஷுக்குப் போகிறது" என்பார். அந்த அடுத்த வாரம் ஒன்பது மாதம் நீடித்தது. முழுப் பணமும் வந்தால்தான் அனுப்புவோம் என்று கடைசி 700-ஐயும் வாங்கிக்கொண்டார்கள். அதோடு "டீலர் மூலமாகத்தான் அனுப்ப வேண்டும், சட்டம் அப்படி" என்று 75 டாலர் வேறு. இது தவறு. ரிப்பேருக்கோ வேலைக்கோ கொடுத்த உங்கள் துப்பாக்கியை, லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித் உங்களுக்கே நேரடியாகத் திருப்பி அனுப்ப ஃபெடரல் சட்டம் அனுமதிக்கிறது, மாநிலம் விட்டு மாநிலமாக இருந்தாலும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

2024 அக்டோபரில் பெட்டி வந்தது. திறந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், கண்ணுக்கு அவ்வளவு அழகு. ஆழ்ந்த கறுப்பு நீலம், கண்ணாடி மாதிரி பக்கவாட்டு, ஸ்லைடை இழுத்தால் வெண்ணெய் மாதிரி வந்தது. என் மனைவிகூட வாங்கிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் செஞ்சிருக்காங்க" என்றாள். 31 மாதக் கோபமும் ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. அன்று இரவே பூதக்கண்ணாடி எடுத்துப் பார்த்திருந்தால், கைப்பிடியின் முன்பக்கத்தில் கை வழுக்காமல் இருக்க வெட்டியிருந்த அந்தச் சின்னச் சின்ன வைரக்கட்டங்கள் மேலே போகப் போகக் கோணிக்கொண்டு போவதும், டிரிக்கர் கார்டுக்குக் கீழே கடைசி இரண்டு வரிசை பாதியில் நின்றுபோயிருப்பதும் தெரிந்திருக்கும். பெயர் எடுத்த அந்த மனிதரின் பழைய துப்பாக்கியில் அப்படி ஒரு கோடுகூடக் கிடையாது.

ரேஞ்சுக்கு என்னோடு டல்லாஸ் அண்ணன் ஒருவர் வந்திருந்தார், முப்பது வருடமாகச் சுடுகிறவர். நான் மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) எட்டு ரவுண்டு, அதாவது எட்டுத் தோட்டா, போடப் போனதும் கையைப் பிடித்தார். "தம்பி, ரெண்டே ரெண்டு போடுங்க. புது டிரிக்கர் வேலைன்னா யார் செஞ்சிருந்தாலும் முதல்ல ரெண்டுதான்." அவர் சொன்னபடி இரண்டு போட்டேன். குறி வைத்து அழுத்தினேன். டப்-டப் என்றுகூடப் பிரித்துக் கேட்கவில்லை, ஒரே நீண்ட சத்தம், மணிக்கட்டு தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனது. ஸ்லைடு பின்னால் நின்றுவிட்டது, மேகசின் காலி. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. துப்பாக்கியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, தோட்டா உட்காரும் சேம்பரை இரண்டு தடவை பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். "எட்டு போட்டிருந்தா?" என்று மட்டும் கேட்டார். எனக்குக் கால் நடுங்கியது. பக்கத்து லேனில் ஒருவர் தன் மகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் ஹூஸ்டன் பக்கம் ஒரு வயதான கன்ஸ்மித்திடம் கொண்டுபோனேன். விளம்பரம் எதுவும் இல்லாத, ஒற்றை ஆள் பட்டறை. பத்து நிமிடத்தில் கழற்றி எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துண்டின் மேல் பரப்பினார். ஹேமரில் சியர் பிடிக்கும் இரண்டு கொக்கிகள் இருக்கும், ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்காகப் பிரித்தால் அதில் 18 முதல் 20 பங்கு உயரம் வைப்பது வழக்கம். என்னுடையதில் ஒரு பக்கம் 14, இன்னொரு பக்கம் 11. அதாவது ஒரே ஒரு கொக்கிதான் முழுச் சுமையையும் தாங்கிக்கொண்டிருந்தது, பிடி நழுவினால் ஹேமர் தானாக விழுந்து அடுத்த குண்டு போய்விடும். சியரின் மூக்கு சாய்வாக இழைக்கப்பட்டிருந்தது, சியர் ஸ்பிரிங்கையும் வளைத்துத் தளர்த்தியிருந்தார்கள். பேசியது மூன்றரை பவுண்டு டிரிக்கர், அதாவது அழுத்த வேண்டிய விசை அவ்வளவு. அளவுமானியை மாட்டி ஐந்து தடவை இழுத்தார்: இரண்டேகால், மூன்று, ஒன்றே முக்கால், இரண்டரை, இரண்டு. அவர் அதற்கு மேல் இழுக்கவில்லை.

அதோடு போகவில்லை. பில்லில் ஹேமரும் சியரும் டூல் ஸ்டீல் என்ற கடின எஃகுக் கட்டியிலிருந்து வெட்டியது என்று எழுதி 240 டாலர் போட்டிருந்தார்கள். ஹேமரின் பக்கவாட்டில் அச்சுப் பதிந்த சின்ன வட்டத் தழும்பு அப்படியே இருந்தது. உலோகத்தூளை ஒட்டும் பொருளோடு கலந்து அச்சுக்குள் செலுத்தி, பிறகு சுட்டுச் செய்யும் எம்.ஐ.எம் பாகம் அது. அந்த வகைப் பாகம் என்றாலே மோசம் என்று நான் சொல்லமாட்டேன், எத்தனையோ நல்ல தொழிற்சாலைத் துப்பாக்கிகள் அதில் வருடக்கணக்கில் ஓடுகின்றன. ஆனால் தங்கத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு கவரிங்கைக் கொடுத்தால் அதற்குப் பெயர் என்ன? ஊரில் ஆசாரியிடம் நகை செய்யக் கொடுத்தால் கண்முன்னே எடை போட்டு, உரைகல்லில் உரசிப் பார்த்துத்தான் வாங்குவோம். செய்கூலி, சேதாரம் எல்லாம் தனித்தனியாகக் கேட்போம். இதில் நான் ஒன்றையும் கேட்கவில்லை.

அந்தப் பெரியவர்தான் இன்னொன்றையும் சொன்னார். கண் பார்வை குறைந்ததால் அந்தப் பெயர் பெற்றவர் சில வருடமாகவே வேலைமேசையில் உட்காருவதில்லையாம், கடையில் மாறி மாறி வரும் பையன்கள்தான் செய்கிறார்களாம். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியாது, ஏனென்றால் "என் துப்பாக்கியை யார் கையால் செய்வீர்கள், எழுதிக் கொடுங்கள்" என்று நான் கேட்கவே இல்லை. ஸ்லைடின் மேல் அவர் பெயர் பொறித்திருக்கிறது, உள்ளே அவர் கை படவில்லை. என் கோபம் எல்லாம் இதில்தான். தாமதம்கூட மன்னிக்கலாம்.

நீங்கள் யாரிடம் கொடுத்தாலும், பெட்டி வந்ததும் ரேஞ்சுக்குப் போகும் முன் வீட்டில் செய்ய வேண்டியது இது. மேகசினைக் கழற்றி, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் இரண்டு தடவை பாருங்கள், நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே உண்மையான தோட்டா இருக்கக் கூடாது. ஹேமரை ஏற்றி, சேஃப்டியைப் போட்டு, டிரிக்கரை நன்றாக அழுத்தி விடுங்கள். பிறகு டிரிக்கரைத் தொடாமல் சேஃப்டியை எடுத்துவிட்டு, ஹேமரைக் காதருகே வைத்து விரலால் லேசாகப் பின்னால் இழுங்கள். 'டிக்' என்று மெல்லிய சத்தம் கேட்டால், சேஃப்டி போட்டிருந்தபோதே சியர் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அந்தத் துப்பாக்கியைச் சுடாதீர்கள். என்னுடையதில் அந்த 'டிக்' தெளிவாகக் கேட்டது, பெரியவர் என் காதருகே வைத்தே காட்டினார். ஸ்லைடு மூடியிருக்கும்போது மேலே தெரியும் பேரலின் பின்முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், ஸ்பிரிங் மாதிரி அமுங்கக் கூடாது. ஸ்லைடைத் தனியே கழற்றி, சுட்ட தோட்டாவின் உறையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியில் மருந்தில்லாத ஒரு டம்மி ரவுண்டைச் செருகி லேசாக ஆட்டுங்கள், விழாமல் நிற்க வேண்டும். என்னுடையதில் ஆட்டுவதற்கு முன்பே விழுந்தது.

கடையின் லைசென்ஸ் உண்மையா என்று, துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்கும் ஃபெடரல் துறையான ஏ.டி.எஃப் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம், நான் பார்த்தேன், உண்மையான லைசென்ஸ்தான். அது வேலையின் தரத்துக்குச் சான்று இல்லை. எச்1பி விசாவில் இருக்கும் தம்பிகள் சிலரும் கேட்டிருந்தீர்கள்: வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகள் தவிர உங்கள் விசாவில் துப்பாக்கி வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம், வக்கீலிடம் கேட்காமல் டெபாசிட் கட்டாதீர்கள்.

பணம் திரும்ப வருமா என்று கேட்பவர்களுக்கு. கார்டில் கட்டியிருந்தாலும் எனக்கு உதவியிருக்குமா என்று உறுதியில்லை, பில் தகராறுக்குச் சட்டத்தில் உள்ள கெடு ஸ்டேட்மென்ட் அனுப்பியதிலிருந்து 60 நாள், என் சாமான் வரவே 31 மாதம். சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் டெக்சஸ் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரை வழக்குப் போடலாம், ஆனால் கடை வேறு மாநிலத்தில் இருப்பதால் தீர்ப்பு வாங்கினாலும் வசூலிப்பது பெரும்பாடு என்று வக்கீல் சொன்னார். அந்த மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவுக்கும், செக்கைத் தபாலில் அனுப்பியதால் தபால் துறை இன்ஸ்பெக்டர்களுக்கும் புகார் கொடுத்திருக்கிறேன். கடைக்காரர் ஒரே ஒரு பதில் அனுப்பினார்: துப்பாக்கியைத் திருப்பி அனுப்புங்கள், வரிசைப்படி பார்க்கிறோம். அனுப்ப மாட்டேன்.

இனி யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால், வெயிட்டிங் லிஸ்டில் பெயர் எழுத 100 டாலருக்கு மேல் கொடுக்க மாட்டேன், என் முறை வந்த பிறகுதான் துப்பாக்கியை அனுப்புவேன், பாகங்களின் பெயரும் யார் செய்வார் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும், சுட்டுப் பார்த்த பேப்பர் டார்கெட் பெட்டியோடு வர வேண்டும். முடிந்தால் காரில் போய் வாங்கிக்கொள்ளும் தூரத்தில் ஆளைப் பாருங்கள்.

ஹூஸ்டன் பெரியவர் புது ஹேமர், சியர், டிஸ்கனெக்டர் (ஒரு அழுத்துக்கு ஒரே குண்டு என்று பார்த்துக்கொள்ளும் பாகம்), எக்ஸ்ட்ராக்டர் எல்லாம் போட்டு, நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதே இரண்டு பிற்பகலில் முடித்தார். 460 டாலர். டிரிக்கர் மூன்றே முக்கால் பவுண்டு, பத்துத் தடவை இழுத்தாலும் அதே மூன்றே முக்கால். அவருடைய பட்டறைக்குப் பின்னால் இரண்டு இரண்டாகப் போட்டு ஐம்பது ரவுண்டு சுட்டோம். கழற்றிய பழைய ஹேமரையும் சியரையும் ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஹூஸ்டன் பக்கம் யாராவது டெபாசிட் கட்டப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன் ஒரு மெசேஜ் போடுங்கள், நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன்.