டெஸ்ட்டிஸ்க், போட்டோரெக்: நான்கு வருடப் பயன்பாட்டு அனுபவம்

டெஸ்ட்டிஸ்க் அழிந்த பார்ட்டிஷன்களை, அதாவது டிஸ்க்கைப் பிரித்து வைத்த பகுதிகளை, மீட்கும் மென்பொருள்; போட்டோரெக் அழிந்த ஃபைல்களை மீட்கும் மென்பொருள். நான்கு வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி, லினக்ஸ் போடும்போது இன்ஸ்டாலரில் தப்பான டிஸ்க்கைத் தேர்வு செய்துவிட்டேன். 1 டிபி ஹார்டு டிஸ்க், அதில் மூன்று பார்ட்டிஷன், மூன்றும் போச்சு. சுதாரித்து நிறுத்துவதற்குள் முதல் பார்ட்டிஷன் இருந்த இடத்தில் சில ஜிபி எழுதியும் விட்டது. பத்து வருடப் படங்கள், அப்பாவின் குரல் பதிவுகள், எல்லாம் அதில்தான் இருந்தன.

உடனே டிஸ்க்கைக் கழற்றி வைத்தேன். அடுத்த நாள் அதைவிடப் பெரிய டிஸ்க் ஒன்று வாங்கி, டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருள் மூலம் முழுவதையும் இமேஜாக (அச்சு அசல் நகலாக) எடுத்துக்கொண்டு, அந்த நகலில்தான் எல்லா வேலையும் செய்தேன். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள். மீட்ட ஃபைல்களை அதே டிஸ்க்கில் சேமித்து, மிச்சம் இருந்ததையும் இழந்தவர்களை அப்புறம் நிறையப் பார்த்துவிட்டேன்.

அது எம்பிஆர் என்ற பழைய முறையில் பார்ட்டிஷன் பிரித்த டிஸ்க். எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்று சொல்லும் பார்ட்டிஷன் அட்டவணை என்பது முதல் செக்டரில் (டிஸ்க்கின் முதல் சிறு துண்டில்) உள்ள வெறும் 64 பைட். அது அழிந்தால் விண்டோஸுக்கு டிஸ்க் காலி, ஆனால் உள்ளே ஃபைல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். டெஸ்ட்டிஸ்க் டிஸ்க் முழுக்கத் துழாவி, ஒவ்வொரு பார்ட்டிஷனும் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்கிறது. விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான (ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறையான) என்டிஎஃப்எஸ், தன் விவரங்கள் உள்ள பூட் செக்டருக்கு ஒரு நகலை பார்ட்டிஷனின் கடைசியில் வைத்திருக்கும் என்பதும் இங்கே கைகொடுக்கும். க்விக் சர்ச்சிலேயே இரண்டாவதும் மூன்றாவதும் வந்துவிட்டன. புதிய அட்டவணையை எழுதுவதற்கு முன் 'பி' அழுத்தி உள்ளே இருக்கும் ஃபைல்களைப் பார்த்தேன். 'அப்பா' என்று தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் பார்ட்டிஷன் அவ்வளவு சுலபமாக வரவில்லை. அங்கே ஃபைல் சிஸ்டமே சிதைந்திருந்ததால் போட்டோரெக் ஓட்ட வேண்டியிருந்தது. அது ஃபைல் சிஸ்டத்தைக் கண்டுகொள்ளாமல், ஜேபெக் என்றால் எந்த பைட்டுகளில் தொடங்கும் என்பது போன்ற அடையாளங்களை வைத்துத் தேடும். அதனால் பெயரும் ஃபோல்டரும் திரும்ப வராது. துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்ட பெரிய வீடியோக்கள் பெரும்பாலும் ஓடவில்லை. சில படங்களில் மேல்பாதி முகம், கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம்.

இரண்டுமே இலவசம், ஓப்பன் சோர்ஸ். டெஸ்ட்டிஸ்க்கில் மவுஸ் வேலை செய்யாது, எழுத்து மெனுதான், முதல் நாள் பயமாக இருக்கும், சரி, பழகிவிடும். போன வருடம் நண்பர் ஒருவர் க்விக் ஃபார்மேட் செய்த டிஸ்க்கைக் கொண்டுவந்தார். அதற்கு டெஸ்ட்டிஸ்க் பொருந்தவில்லை, ஏனென்றால் பார்ட்டிஷன் நன்றாகத்தான் இருந்தது, அழிந்தது உள்ளே இருந்த பட்டியல். டிஎம்டிஇ என்ற இன்னொரு மீட்பு மென்பொருள் முழு ஸ்கேனில் பழைய எம்எஃப்டி (என்டிஎஃப்எஸ்ஸின் ஃபைல் பட்டியல்) பதிவுகளைத் தேடி எடுத்து, பெரும்பாலானவற்றைப் பெயரோடு கொடுத்தது. எஸ்எஸ்டி என்றால் மட்டும் நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: ட்ரிம் (அழித்த ஃபைல்களின் இடத்தை எஸ்எஸ்டியே காலி செய்யும் வசதி) ஓடியிருந்தால் எந்த மென்பொருளாலும் பெரிதாக எதுவும் எடுக்க முடியாது.

போட்டோரெக் கொடுத்த படங்களுக்கு இன்னும் பெயர் வைத்து முடியவில்லை. எக்ஸிஃப்பில் (கேமரா படத்துக்குள்ளேயே எழுதிவைக்கும் விவரத்தில்) எடுத்த தேதி இருப்பதை வருடவாரியாகப் பிரித்துவிட்டேன். தேதி இல்லாத படங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, யார் எந்த விசேஷம் என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன்.