பொலிஸ் பரீட்சை வகுப்பு: மகளை அனுப்பிய தாயின் கணக்கு

மட்டக்களப்பு டவுனில் சனி, ஞாயிறு காலையில் நடக்கிற பொலிஸ் ஆட்சேர்ப்பு வகுப்பு இது. குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். மாதம் மூவாயிரம் ரூபா, பயிற்சித்தாளுக்குப் புறம்பாகக் காசு. களுவாஞ்சிக்குடியிலிருந்து பஸ் செலவையும் சேர்த்தால் எங்களுக்கு அது சின்னத் தொகை இல்லை.

நுண்ணறிவு எடுக்கிற சேர் கெட்டிக்காரர். எண் தொடர், உருவ வரிசை, திசைக் கணக்கு எல்லாவற்றையும் நேரம் பிடித்தே செய்விப்பார். எந்தக் கேள்வியில் மினக்கெடாமல் தாண்டிப் போகவேண்டும் என்பதையும் பழக்குவார். பொது அறிவு சுமார்தான். இலங்கைப் பொலிஸ் தொடங்கியது 1866, அவசர இலக்கம் 119 என்று பாடமாக்க விடுகிறார்கள். அதைப் புத்தகம் வாங்கி வீட்டிலேயே படிக்கலாம்.

கொடுத்த காசுக்குப் பெறுமதி ஓய்வுபெற்ற சார்ஜன்ட் ஐயா எடுக்கிற ஞாயிறு வகுப்புத்தான். ஒரு பிள்ளையை முறைப்பாட்டுக்காரராக்கி மாடு களவு போன கதையைச் சொல்லவைப்பார், மற்றப் பிள்ளை எழுதவேண்டும். என் மகள் எழுதியதில் மாட்டின் நிறம் இருந்தது, உடம்பில் சுட்ட குறி என்ன என்று இல்லை. "குறி தெரியாத மாட்ட எங்க போய்த் தேடுற புள்ள? மறுகா கேட்டு எழுது" என்றாராம். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கவேண்டும். ஆள் சொன்ன மொழியிலேயே எழுதவேண்டும், ஏலாவிட்டால் அவரையே தன் மொழியில் எழுதித்தரச் சொல்லவேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 109ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறதாம். தமிழில் சொல்லிவிட்டு, வாசிக்கத் தெரியாத சிங்களத் தாளில் ஒப்பம் வைத்து வந்த சனம் எங்கள் பக்கம் எத்தனை! மகள் பொலிஸுக்குப் போகிறேன் என்றபோது முகம் சுளித்த அவளுடைய அப்பாவே இதைக் கேட்டபிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தார்.

சார்ஜன்ட் ஐயா கஷ்டத்தையும் மறைக்கமாட்டார். தீவின் எந்த மூலைக்கும் மாற்றம் வரும், மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு ஊரே திரண்டு போகும்போது உங்களுக்கு வீதியில் டியூட்டி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

இனிக் குறை. நோட்டீசில் 'மைதானப் பயிற்சியும் உண்டு' என்று போட்டிருந்தார்கள். கல்லடிக் கடற்கரையில் ஒருநாள் ஓடவிட்டதோடு அது முடிந்தது. பெண்பிள்ளைகளைப் பழக்க ஒரு பெண் பயிற்றுநரும் இல்லை. எந்த ஊருக்கும் போகவேண்டிய வேலை என்கிறார்கள், சிங்களம் பேசப் பழக்க ஒரு பாடமும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது வேறு விசயத்தில். உயரம், வயது, படிப்புத் தகைமை எல்லாம் வர்த்தமானி அறிவித்தலில் தெளிவாகப் போடுவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு சேர்க்கமுன் அளந்து பார்க்க எவ்வளவு நேரம்? உயரம் காணாது என்று பார்த்தாலே தெரிகிற பிள்ளையிடமும் காசு வாங்கிவிட்டார்கள்.

'வேலை நிச்சயம்' என்ற பேச்சையும் நம்பவேண்டாம். எழுத்துப் பரீட்சை, உடற்தகுதி, நேர்முகம், பின்னணி விசாரணை எல்லாம் தாண்டவேண்டும், அதில் எந்த வகுப்புக்கும் கையில்லை. ஆளைப் பிடித்து வேலை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

கணிதத்தில் கெட்டியான பிள்ளை என்றால் ஞாயிறு மட்டும் வரட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். நாங்கள் இரண்டாம் மாதம் கேட்டோம், முணுமுணுத்தாலும் அரைக்கட்டணத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். சனிக்கிழமையில் மகள் இப்போது ஊர் மைதானத்தில் ஓடுகிறாள்.